பிள்ளையும் பாட்டும் – 9: மலஹரியில் ஒரு காந்தாரம்

விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு தட்சிணையோடு வீணை வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தை பிறப்பதற்குள் "இன்னைக்கு வேண்டாம்மா" என்று சொல்லத் தொடங்குவது பல வீடுகளில் நடப்பதுதான். அநேகமாக அப்போது ஜண்டை வரிசையிலோ அலங்காரத்திலோ நின்றுகொண்டிருக்கும். பாட்டு என்று சொல்லிக்கொள்ள இன்னும் எதுவும் கைக்கு வந்திருக்காது. மாயாமாளவகௌளையின் ஏழு ஸ்வரங்களையே ஏற்றி இறக்கி, மூன்று காலத்திலும் வாசித்துக்கொண்டிருக்கிறது குழந்தை. இதைச் சோம்பேறித்தனம் என்று பெயரிட்டுத் திட்டுவது பெரிய அநியாயம்.

முதலில் அந்த இடது கையை வாங்கிப் பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் தந்தி பதிந்த தடம் சிவந்திருக்கும். தோல் காய்த்துப்போகும்வரை வலிக்கத்தான் செய்யும். துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் விரல் வழுக்கிப் போகும், வலி போகாது. வலி அதிகமான நாளில் வீணை உறைக்குள்ளேயே இருக்கட்டும். தொடையில் தாளம் போட்டு அதே வரிசையைப் பாடச் சொல்லுங்கள். அதுவும் சாதகம்தான். வாயில் நின்ற ஸ்வரம் விரலுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்து வருவது மலஹரி கீதம். ஏறும்போது இந்த ராகத்தில் காந்தாரம் கிடையாது. ரிஷபத்திலிருந்து நேரே மத்யமத்துக்குத் தாவ வேண்டும். பிள்ளையின் விரலோ வழியில் காந்தார மெட்டைத் தொட்டுவிடும். உடனே சமையலறையிலிருந்து "தப்பு, தப்பு! முதல்லேர்ந்து வாசி" என்று குரல் வருகிறது. அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? இத்தனை மாதமாக ஸ ரி க ம என்று ஒழுங்காகப் பழகிய விரல், பழகிய இடத்துக்குப் போயிருக்கிறது. சாதகம் செய்த பிள்ளைக்குத்தான் அந்தத் தப்பே வரும்.

முதலிலிருந்து வாசிக்கச் சொல்வதிலும் ஒரு கெடுதல் உண்டு. முதல் வரி மெருகேறிக்கொண்டே போகும். இடறிய இடம் இடறியபடியே கிடக்கும். இடறிய இடத்து ஸ்வரங்களை மட்டும் தனியே, முதல் காலத்தில், நாலைந்து தரம் வாசித்துவிட்டு வரியோடு சேர்த்தால் போதும். அதையும் டீச்சரே சொல்லட்டும். வீட்டில் இன்னொரு டீச்சர் வேண்டாம்.

அப்படியானால் பெற்றோருக்கு என்ன வேலை? கேட்பது. ஜப்பானில் வயலின் கற்பித்த ஷினிச்சி சுசுகி இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர். பேச்சைப் போலவே இசையும் நாள்தோறும் காதில் விழுந்து விழுந்தே வரும் என்பது அவர் கட்சி. பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மாவுக்குத்தான் அவர் முதலில் வயலின் சொல்லிக்கொடுத்தார். அம்மா வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, "எனக்கும் வேணும்" என்று குழந்தை தானே கை நீட்டும்வரை காத்திருந்தார். புதுப் பாடம் வந்த பிறகும் பழைய பாடங்களை விடாமல் வாசிக்கவைத்தார். நன்றாக வருகிற ஒன்றை வாசிக்கும் சந்தோஷம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டியதுதானே?

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த மதுரை வீட்டில் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். எல்லோர் வீட்டிலும் இசை அப்படிக் காதில் விழுந்துகொண்டிருக்காது. ஆனால் காலையில் டிபன் வேலை நடக்கும்போது டி.வி.க்குப் பதில் ஒரு வீணைக் கச்சேரி ஓடலாம். சாயங்காலம் பிள்ளை உட்காரும் கால் மணி நேரம், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் நீங்களும் உட்காரலாம். "அந்த ரெண்டாவது வரி இன்னொரு தரம் வாசிக்கிறியா கண்ணு, கேக்கணும்போல இருக்கு" என்று மனதாரக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு" என்று பிள்ளையைக் கூடத்தில் உட்கார வைக்காதீர்கள். முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். அது மாட்டேன் என்றால், வந்தவருக்குக் காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள்.

(தொடரும்)