குதிரை முட்டைக்கு எத்தனை நாள் அடை?

வாசிக்கும் வீடு – 14

சென்ற வாரம் விடுகதை பார்த்தோம். விடை தெரிந்துவிட்டால் விடுகதை தீர்ந்தது. சிரிப்புக் கதையோ முடிவு தெரிந்த பிறகும் தீராது. அதே கதையை நாளைக்கும் கேட்பார்கள் பிள்ளைகள். நம் வீட்டுக்கு இரண்டு சிரிப்புப் புத்தகங்கள் போதும்.

முதலாவது பரமார்த்த குரு கதை. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் எழுதியது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், அவர்களுக்கேற்ற குரு. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். வழியில் அது விழுந்து உடைகிறது. புதரிலிருந்து ஒரு முயல் ஓட, ‘ஐயோ, குதிரைக்குட்டி!’ என்று துரத்துகிறார்கள்.

இந்தக் கதைக்கு நாமக்கல் பக்கம் தனி ருசி உண்டு. கோழிப்பண்ணையிலிருந்து முட்டை லாரி ஏறுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் சும்மா கேட்டுவிட்டுப் போவார்களா?

“அம்மாயி, குதிரை முட்டைய எத்தன நாள் அடை வெக்கோணும்?”

“கோழின்னா 21 நாள் கண்ணு. குதிரைக்கு உங்கப்பனத்தான் கேக்கோணும்.”

இரண்டாவது, நம்ம ஊர் சரக்கு. அப்புசாமி – சீதாப்பாட்டி கதைகளைக் குமுதத்தில் எழுதிய பாக்கியம் ராமசாமி சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துக்காரர். இயற்பெயர் ஜ.ரா. சுந்தரேசன், அம்மா பாக்கியம், அப்பா ராமசாமி இருவர் பெயரையும் சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார். ஜெயராஜின் ஓவியத்தோடு வந்த அப்புசாமித் தாத்தா, பாட்டியிடம் காசு கேட்டுக் கெஞ்சுவார், கிடைக்காவிட்டால் கூட்டாளி ரசகுண்டுவோடு சேர்ந்து திட்டம் போடுவார், கடைசியில் மாட்டிக்கொள்வார். பாட்டியோ இங்கிலீஷ் பேசிக்கொண்டு பாட்டிகள் முன்னேற்றக் கழகம் நடத்துவார்.

இரண்டு புத்தகத்திலும் அசடு வழிவது பெரியவர்கள்தான். ‘பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று நாள் முழுக்கக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, குருவும் தாத்தாவும் சறுக்கி விழுவதைப் பார்ப்பதில் எத்தனை ஆனந்தம்! மரியாதைக்கு ஒரு குறையும் வராது. தாத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால், தப்புச் செய்துவிட்டு வந்து சொல்லும் தைரியம் பிள்ளைக்குத் தானே வரும்.

அதனால் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். அது படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு தடவை சொதப்பினால் தானாகப் பிடிபட்டுவிடும். விளக்கவுரை மட்டும் வேண்டாம். பழைய துணுக்குத் தொகுப்பு என்றால் முதலில் நீங்கள் ஒரு புரட்டு புரட்டிவிடுங்கள். நிறம், திக்குவாய், குண்டு உடம்பு என்று வருகிற பக்கங்களைத் தாண்டிப் போகலாம்.

லாரியில் வடக்கே போயிருக்கும் அப்பாவுக்கும் பங்கு உண்டு. போனில் “சாப்டியா, படிச்சியா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிற வீடுகள் இங்கே நிறைய. இன்றைக்குப் பிள்ளை முந்திக்கொண்டு, “அப்பா, குதிரை முட்டை என்ன வெலைன்னு தெரியுமா?” என்று ஆரம்பிக்கட்டும்.

(தொடரும்)