கோட்டுக்கு அந்தப் பக்கம் – 11: மடித்த தாளும் எட்டு விநாடியும்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளின் பயிற்சி முகாம் செய்திகள் வரிசைகட்டி வரும். புது குவார்ட்டர்பேக் பிரமாதமாக எறிகிறார், தாக்குதல் வரிசை இந்த வருஷம் வேறு மாதிரி... இதில் பாதியைத்தான் நான் நம்புவேன். முகாமில் ஓர் அணி மோதுவது தன் சொந்தத் தற்காப்பு வரிசையோடு. எறிந்த பந்தெல்லாம் கைக்குப் போய்ச் சேர்ந்தால், எறிந்தவர் கெட்டிக்காரரா, தடுக்க நின்றவர்கள் சொத்தையா? யாருக்குத் தெரியும்! போதாக்குறைக்கு, எந்தப் பயிற்சியாளரும் தன் நல்ல சரக்கை அங்கே அவிழ்ப்பதில்லை.

முகாமில் கவனிக்க வேண்டியது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பதை. பயிற்சியாளர் மைக் லீச் நடத்திய பயிற்சி இதற்கு நல்ல உதாரணம். தடுக்க ஒருவரும் இல்லாத மைதானத்தில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் வரிசையாக நிற்பார்கள். எதிரே ஐந்து ரிசீவர்கள் அவரவர் பாதையில் ஓட, ஐந்து பந்துகள் ஒரே நேரத்தில் பறக்கும். பிறகு ஒவ்வொருவரும் ஓர் இடம் தள்ளி நின்று, அதே ஆட்டத்தில் இன்னொரு ரிசீவருக்கு எறிவார். சரளி வரிசை சாதகம் மாதிரிதான். பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும்.

லீச் கல்லூரியில் கால்பந்து ஆடியவர் அல்ல; சட்டம் படித்தவர். 1989இல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் பயிற்சியாளர் ஹால் மம்மியோடு சேர்ந்தார். இருவரும் வளர்த்தெடுத்த, எறிதலையே நம்பிய முறைக்கு ‘ஏர் ரெய்ட்’ என்று பெயர் வந்தது. மற்ற பயிற்சியாளர்கள் ஆட்டங்களை (ஒவ்வொரு முறையும் பந்தை நகர்த்தும் திட்டங்களை) நெருக்கி அச்சிட்ட பெரிய அட்டையோடு ஓரக்கோட்டில் நிற்பார்கள். லீச் கையில் ஒரு மடித்த தாள். ஓர் ஆட்டம் முடிந்த 40 விநாடிக்குள் அடுத்தது தொடங்கியாக வேண்டும். அதற்குள் தேடிப் பிடிப்பதற்கு இருப்பது குறைவாக இருப்பதே நல்லது என்பது அவர் கட்சியாக இருந்தது. களத்தில் எதிரணி நிற்பதைப் பார்த்து ஆட்டத்தை மாற்றும் உரிமையையும் குவார்ட்டர்பேக்கிடமே விட்டிருந்தார்.

2008 நவம்பர் 1. லபக் நகரில் லீச்சின் டெக்சஸ் டெக் அணி, அப்போது முதலிடத்தில் இருந்த டெக்சஸ் அணியை எதிர்த்து ஆடுகிறது. 32–33 என்று ஒரே புள்ளி பின்னடைவு. பந்து டெக்சஸின் 28 கெஜக் கோட்டில், கடிகாரத்தில் எட்டு விநாடி. சற்று முன்புதான் டெக்சஸ் வீரர் ஒருவர், கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டிருந்தார். பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கம்பம் கோட்டுக்குப் பின்னே, உதைப்பவர் பந்துக்குப் பின்னே; ஆக 45 கெஜத்திலிருந்து உதைத்து மூன்று புள்ளி எடுத்தாலே வெற்றி. பலரும் உதைக்கத்தான் சொல்லியிருப்பார்கள்.

லீச் எறியச் சொன்னார். அதுவும் ஏர் ரெய்டின் அரிச்சுவடியிலிருந்து: நான்கு ரிசீவர்களும் நேராக ஓடும் ஆட்டம். குவார்ட்டர்பேக் கிரகாம் ஹாரல் வலது ஓரமாக, ரிசீவர் மைக்கேல் கிராப்ட்ரீயின் முன்னால் எறியாமல் பின்தோளுக்கு எறிந்தார். கிராப்ட்ரீ நின்று, திரும்பிப் பிடித்து, தடுக்க வந்தவர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு கோட்டுக்குள் பாய்ந்தபோது மிச்சம் ஒரு விநாடி. முடிவு 39–33. அந்தப் பின்தோள் எறிதல் அந்த நேரத்து யோசனை இல்லை என்றே நினைக்கிறேன். இத்தனை பேர் நெருக்கிவரும்போது யாருக்கும் அப்படி யோசனை ஓடாது.

ஆனால் மூன்று வாரம் கழித்து நார்மன் நகரில் இதே ஹாரல், இதே கிராப்ட்ரீ, இதே மடித்த தாள். ஒக்லஹோமா 65–21 என்று நையப்புடைத்து அனுப்பியது. அங்கே என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)