எலிபெண்டாவுக்குப் போகலாம், வாருங்கள்!

மும்பையில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். விடுமுறைக்கோ, கல்யாணம் காட்சிக்கோ வருகிறவர்கள் மகாலக்ஷ்மி கோயில், சௌபாத்தி கடற்கரை என்று சுற்றிவிட்டு, கடைசியில் 'கேட்வே ஆஃப் இந்தியா' முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதோடு ஊர் பார்த்தாயிற்று! அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் படகுத் துறையில் படகேறினால் ஒரு மணி நேரத்தில் ஒரு தீவு. அதில் மலையையே குடைந்து செய்த சிவன் கோயில். எலிபெண்டா என்ற பெயரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். "குழந்தை குட்டிகளோடு கடலில் எப்படிப் போவது?" என்ற தயக்கத்தில்தான் பெண்கள் பின்வாங்கிவிடுகிறோம்.

அப்படியே போனாலும் என்ன நடக்கிறது? அம்மா ஒரு கையில் குழந்தை, மறு கையில் சாப்பாட்டுப் பை என்று படியோரம் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து, "பிரமாதமா இருந்தது!" என்பார்கள். எங்கள் குடியிருப்பு மாதர் குழுவில் இந்தத் தடவை ஒரு தீர்மானம் செய்தோம். குழந்தைகள் பத்திரமாக இருக்க வேண்டும், அம்மாக்களும் கோயிலைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டோம். பெரியவர்கள் 14 பேர், குழந்தைகள் 9 பேர். எழுபதைத் தாண்டிய என் மாமியாரும் உண்டு. விளக்கம் சொல்ல, அடையாள அட்டை உள்ள ஒரு வழிகாட்டிப் பெண்ணை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டோம்.

எப்போது போகலாம்?

திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் தணிந்திருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். நாங்கள் ஜனவரியில் போனோம். காலையில் சீக்கிரம் படகேறிவிட்டால், உச்சி வெயிலுக்கு முன் படி ஏறிவிடலாம். தீவில் வெளியாட்கள் இரவு தங்க முடியாது. ஆகவே, திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மிதவைச் சட்டை – இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

2024 டிசம்பர் 18-ஆம் தேதி இதே வழியில் நடந்த விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு எலிபெண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த படகின் மீது, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 உயிர்கள் போயின. அதில் ஏழு வயதுச் சிறுவனும் ஒருவன். படகு மூழ்கும்போது, குழந்தைகளைக் கடலில் விட்டாவது காப்பாற்றலாமா என்று பெற்றோர் தவித்ததையும், காவலுக்கு வந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அவர்களைத் தடுத்து, குழந்தைகளை முதலில் மீட்டதையும் பத்திரிகையில் படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகுதான் பயணிகள் எல்லோரும் மிதவைச் சட்டை போட வேண்டும் என்பதைக் கண்டிப்பாக்கினார்கள்.

ஆனால் சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். நாங்கள் ஏறப்போன படகில் பெரியவர்களுக்கான சட்டைதான் அடுக்கி வைத்திருந்தது. எங்களோடு வந்த இளம் தாய் ஒருத்தி, நான்கு வயதுப் பையனுக்கு அதை மாட்டிப் பார்த்தாள். கழுத்து வழியாகப் பையன் நழுவிவிடுவான் போல இருந்தது. "சின்ன சைஸ் இல்லையா?" என்று கேட்டாள்.

படகுக்காரர், "ஒரு மணி நேரப் பயணம்தானே, மடியில வச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நிமிஷத்தில்தான் நாம் எல்லோரும் "சரி, போகட்டும்" என்று ஏறிவிடுகிறோம், இல்லையா? எங்கள் வழிகாட்டி அசையவில்லை. "குழந்தைகளுக்கு அளவான சட்டை இருக்கிற படகு வரட்டும், தாயி. நாம அதுல போவோம்" என்று எங்கள் எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தோம். அடுத்த படகில் சின்ன அளவுச் சட்டைகள் இருந்தன. அரை மணி நேரத்தில் எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். குழந்தைக்கு மாட்டி, கொக்கிகளை எல்லாம் பூட்டிவிட்டு, தோள் பக்கம் சட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கு மேல் சட்டை ஏறி வந்தால் அது பெரிது. கால்களுக்கு நடுவே வரும் பட்டை இருந்தால் அதையும் பூட்ட வேண்டும். நாமும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்கு மேல்தான் சட்டையைப் போட வேண்டும். மடியில் வைத்திருக்கும் சட்டை ஆபத்துக்கு உதவாது. கைக்குழந்தைக்கு அளவான சட்டை கிடைப்பது கஷ்டம். ஆகவே அந்த வயதுப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

குமட்டல் வராமல் இருக்க

வெறும் வயிற்றிலும் போகக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. குழந்தைகள் கையில் செல்போனைக் கொடுத்தால் தலை சுற்றும். தூரத்தில் தெரியும் கரையையும் கப்பலையும் காட்டுங்கள். வழியில் எண்ணெய் இறக்கும் ஜவாஹர் தீவும், நங்கூரம் பாய்ச்சிய பெரிய பெரிய கப்பல்களும் வரும். ஒரு துண்டு இஞ்சி வாயில் அடக்கிக்கொண்டால் பலருக்குச் சரியாக இருக்கும். பயணத்துக்கு என்று விற்கும் மாத்திரை தூக்கம் வரவழைக்கும். டாக்டரைக் கேட்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் பயணத்துக்கே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏறும் முன் எல்லாக் குழந்தைகளையும் கழிவறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

120 படிகள்

தீவில் இறங்கினால் படிக்கட்டு அடிவாரம் வரை ஒரு குட்டி ரயில். குழந்தைகளுக்குக் கோயிலைவிட இதுதான் கொண்டாட்டம்! அதன்பிறகு 120 படிகள். இரு பக்கமும் கடைகள், மேலே நிழலுக்குத் துணிப் பந்தல். முட்டி வலி உள்ளவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகவும் ஆட்கள் உண்டு. "நாலு பேர் தூக்குற காலம் வர்றப்போ வரட்டும், இப்ப நான் நடந்தே வரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் என் மாமியார். இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, ஏறியேவிட்டார்.

குரங்குகளிடம் ஜாக்கிரதை! சாப்பாட்டைக் கையில் பார்த்தால் பிடுங்கிவிடும். மூடிய பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறிக் கடித்தாலோ பிராண்டினாலோ, உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டி நாய்க்கடிக்குப் போடுகிற அதே தடுப்பூசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

குகைக்குள்ளே

மேலே போனதும் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். பாதிப் பேர் மரத்தடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மீதிப் பேர் உள்ளே போவது. முக்கால் மணி நேரம் கழித்து மாறிக்கொள்வது. பெரிய பிள்ளைகள் இரண்டு கட்சியோடும் வந்தார்கள். கையில் பை இல்லை, இடுப்பில் குழந்தை இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தின் சுகத்தைத் தாய்மார்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

வெயிலில் இருந்து வந்தவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. "போட்டோ அப்புறம் எடுக்கலாம். முதல்ல கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கோங்க" என்று வழிகாட்டி எங்களை ஐந்து நிமிஷம் சும்மா நிற்க வைத்தாள். மெல்ல மெல்லத் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கல்லைக்கூட வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கவில்லை. மலையைக் குடைந்து, தூணுக்கு வேண்டியதை விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். 1987-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இடத்தின் சொந்தப் பெயர் காராபுரி. இறங்குதுறை அருகே நின்ற ஒரு கல் யானையைப் பார்த்துப் போர்த்துக்கீசியர்கள் வைத்ததுதான் எலிபெண்டா. அந்த யானை இப்போது இங்கே இல்லை. 1864-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்து, முடியாமல், கடைசியில் அது பைகுல்லா அருங்காட்சியகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

தெற்குச் சுவரில், மூன்று ஆள் உயரத்தில், மூன்று முகம் கொண்ட சிவன். நடுவில் கண் மூடிய சாந்த முகம். நமக்கு இடப்பக்கம் மீசையோடு கோப முகம். வலப்பக்கம் பெண்மை ததும்பும் முகம். ஆனால் எங்கள் கூட்டத்தை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பார்வதியின் கதைதான். சிவ–பார்வதி கல்யாணக் காட்சியில், மணப்பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் தலை குனிந்து நிற்கிறாள். கங்கை இறங்கும் காட்சியில் பக்கத்திலேயே நிற்கிறாள். ஒரு சிற்பத்தில் உடம்பில் பாதியே அவள்தான். இன்னொன்றில் இருவரும் கைலாசத்தில் உட்கார்ந்திருக்க, பார்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். "சொக்கட்டான் ஆட்டத்துல சாமி ஏமாத்திட்டார், அம்மாவுக்குக் கோபம்" என்று வழிகாட்டி இந்தியில் சொன்னதை மாமியாருக்குத் தமிழில் சொன்னேன்.

"அட, அங்கேயும் நம்ம வீட்டுக் கதைதானா!" என்றாரே பார்க்கலாம்! குகையே எதிரொலிக்கும்படி சிரித்துவிட்டோம்.

கை, கால் உடைந்துபோன சிற்பங்கள் நிறைய. விளக்கம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பாதி புரியாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

தீவுப் பெண்கள்

படி இறங்கும் வழியில் வெள்ளரிக்காய் விற்ற ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். தீவில் மூன்று சிற்றூர்கள் இருக்கின்றன. 2018 பிப்ரவரி வரை மின்சாரம் கிடையாது, மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான். பிறகு கடலுக்கு அடியில் ஏழரை கிலோமீட்டர் கேபிள் போட்டுத்தான் மின்சாரம் கொண்டுவந்தார்கள். "முதல் நாள் ராத்திரி நாங்க யாரும் விளக்கை அணைக்கவே இல்லை" என்றார் அந்த அம்மாள். மும்பையின் வெளிச்சத்தைக் கடலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள்! படிக்கட்டுக் கடைகளும், பித்தளைக் குடங்களோடு போட்டோவுக்கு நிற்பதும்தான் பல குடும்பங்களுக்கு வருமானம். பேரம் பேசும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

திரும்பும் படகில் குழந்தைகள் தூங்கிப்போனார்கள். தூங்கினாலும் சட்டையைக் கழற்றக்கூடாது என்று வழிகாட்டி ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் படகில் போய்வரும் இடம் ஏதாவது இருக்கும். எங்கே போனாலும் இந்த மூன்றை மட்டும் மறக்காதீர்கள், சகோதரிகளே: அளவான மிதவைச் சட்டை இல்லாத படகில் குழந்தையை ஏற்றாதீர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை வரும்போது, "பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லாமல் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.