வெளிச்சத்துக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர்!

எண்ணூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ராயபுரத்தில் இறங்க, சிக்னல் மனசு வைத்தால் அரை மணி நேரம். தூரம் என்னவோ சுமார் 15 கிலோமீட்டர்தான். இதே தூரத்தைக் கடக்க வெளிச்சத்துக்கு ஒரு செகண்டில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு போதும். சீசன் டிக்கெட்டும் வேண்டாம்!

இப்பேர்ப்பட்ட வேகக்காரனைப் போகிற வழியிலேயே மடக்கிப் படம் பிடித்தவர்களில் நம் நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. ரமேஷ் ரஸ்கர். பிறந்தது நாசிக், எஞ்சினீயரிங் படித்தது புனே. எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை இல்லை சார், அமெரிக்கா!) அவரும் ஆண்ட்ரியாஸ் வெல்ட்டன் முதலான சகாக்களும் 2011 டிசம்பரில் காட்டிய கேமரா, செகண்டுக்கு லட்சம் கோடி ஃப்ரேம் கணக்கில் படம் எடுக்கிறது.

சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃப்ரேம். அந்த வேகத்தில் லட்சம் கோடி ஃப்ரேமையும் ஓட்டிப் பார்க்க 1,300 வருஷத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கு 'வணக்கம்' போட வேண்டுமானால், ராஜசிம்ம பல்லவன் காலத்தில் ரீலைச் சுற்ற ஆரம்பித்திருக்க வேண்டும். இடைவேளை விடும்போது விஜயநகரப் பேரரசு வந்திருக்கும்!

நல்லவேளை, அவர்கள் எடுத்தது சுமார் 480 ஃப்ரேம்தான். ஹீரோ, ஒரு கூல்டிரிங்க் பாட்டில். அதன் அடிப்பக்கமாக லேசர் ஒளியை ஒரே ஒரு துளி போல உள்ளே அனுப்பினார்கள். படத்தில் அது பளபளக்கும் குண்டு மாதிரி நிதானமாக நகர்ந்து, மூடியில் மோதிச் சிதறுகிறது. செகண்டுக்கு 300 மீட்டர் பாயும் துப்பாக்கித் தோட்டா, ஒளியைவிடப் பத்து லட்சம் மடங்கு மந்தம். பாட்டிலை ஒளி பத்து செகண்டில் கடப்பதாகக் காட்டினால், அதே படத்தில் தோட்டா கடக்க ஏறக்குறைய நாலு மாசம். லீவு கிடைக்குமா?

எப்படி முடிந்தது? எந்த ஷட்டரும் இத்தனை வேகத்தில் திறந்து மூடாது. அதனால் வேறு தந்திரம். எண்ணூர் துறைமுகத்து கன்வேயர் பெல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பெல்ட்டில் மேலிருந்து நிலக்கரி விழுகிறது. எந்தக் கட்டி பெல்ட்டில் எங்கே கிடக்கிறது என்று பார்த்தால், எது எப்போது விழுந்தது என்று சொல்லிவிடலாம் இல்லையா? 'ஸ்ட்ரீக் கேமரா'வில் நடப்பதும் அதுதான். உள்ளே வரும் ஒளி எலெக்ட்ரான்களாக மாறுகிறது. வந்த நேரத்துக்குத் தக்கபடி மின்புலம் அவற்றை வெவ்வேறு இடத்துக்குத் தள்ளுகிறது. விழுந்த இடமே கடிகாரம்!

ஒரு சிக்கல். ஒரு தடவையில் காட்சியின் ஒரே ஒரு கோடுதான் பதியும். லேசரைத் திரும்பத் திரும்ப அடித்து, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கோடு கோடாகச் சேர்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. 'உலகிலேயே மெதுவான அதிவேகக் கேமரா' என்று ரஸ்கரே கிண்டலடித்தார். 2018-ல் கால்டெக்கில் லிஹோங் வாங் குழுவினர், ஒளி ஒரே ஒரு முறை பாய்வதையே செகண்டுக்குப் பத்து லட்சம் கோடி ஃப்ரேம் கணக்கில் பிடித்துவிட்டார்கள்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?

மணலி பக்கம் ஒரு குடோனில் தீ என்று வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வீரர் வாசலில் நிற்கிறார். உள்ளே சுவர் திரும்புகிறது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா? சாதாரண கேமரா 'எவ்வளவு வெளிச்சம்?' என்று மட்டும்தான் கேட்கும். இது 'எப்போது வந்தாய்?' என்றும் கேட்கிறது. லேசர் எதிர்ச்சுவரில் பட்டு, மறைவில் இருப்பவர் மேல் தெறித்து, மறுபடி சுவர் வழியாகத் திரும்பும். வந்து சேர்ந்த நேரங்களை வைத்து கம்ப்யூட்டர் உருவத்தைக் கணக்குப் போட்டுவிடும். 2012-ல் மறைத்து வைத்த ஒரு சின்ன பொம்மையின் வடிவத்தை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு வெல்ட்டன், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதே வேலையைத் தொடர்ந்தார்.

ஆனால் இரண்டு மூன்று தடவை தெறித்துத் திரும்பும் ஒளி ரொம்பச் சொற்பம். லேபில் ஜெயித்தது புகைக்கு நடுவிலும் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால், உள்ளே போகலாமா வேண்டாமா என்று வாசலில் தவிக்கும் மனிதருக்கு அது பெரிய துணை. சந்து முனையில் டூவீலரைத் திருப்பும் உங்களுக்கும்தான், அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி வருகிறதா என்று முன்கூட்டியே தெரியும்.

அதுவரைக்கும், திருவொற்றியூர் திருப்பங்களில் ஹாரன் அடித்தே திரும்புங்கள்!