ஆற்றோரத்து முகவரிகள் – 9: வேலை கொடுத்த வீடு

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், ஜாமெக் பள்ளிவாசல் அருகே போன வாரம் நின்றோம். இந்த வாரம் தண்ணீர் போகும் திசையிலேயே இறங்குவோம். பிரிக்பீல்ட்ஸ், தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் பட்டணம், கடைசியில் துறைமுகம். நான்கு இடங்களிலும் தமிழர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே எப்படிக் குடியேறினார்கள் என்று தெரிந்தால்தான், இன்று அந்தக் கரைகளில் யார் தங்குகிறார்கள், யார் நகர்கிறார்கள் என்பது விளங்கும்.

1881-இல் கோலாலம்பூருக்கு இரண்டு அடி விழுந்தது. ஆண்டின் தொடக்கத்தில் தீ, முடிவில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊரைச் செங்கல்லால் எடுத்துக் கட்ட வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். களிமண்ணும் தண்ணீரும் ஒருசேரக் கிடைத்த ஆற்றோரத்தில், ஊருக்குத் தெற்கே, சூளைகள் புகையத் தொடங்கின. அதுதான் பிரிக்பீல்ட்ஸ். சூளைப் புகை அடங்குவதற்குள் ரயில் வந்துவிட்டது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை வண்டி ஓடியது. அங்கே இறங்கிப் படகில் ஏறித்தான் கிள்ளானுக்குப் போக வேண்டும். 1890-இல் ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் அமைந்த பிறகே தண்டவாளம் கிள்ளானைத் தொட்டது.

ரயிலுக்கு ஆள் வேண்டியிருந்தது. மண் வெட்டவும் கட்டை சுமக்கவும் தண்டவாளம் பராமரிக்கவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். கணக்கெழுதவும் நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேயின் பணிமனையும் கிடங்கும் அமைந்தன. பக்கத்திலேயே குடியிருப்பும் எழுந்தது. ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் தெருக்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீட்டு வரிசைகளுக்கு ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் என்றே பெயர். ஒட்டி ஒட்டி நின்ற வீடுகள். ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்து அடுத்த வீட்டில் இன்றைக்கு அங்கே என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம்.

குவாட்டர்ஸுக்கு அன்று ஒரே விதிதான் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. 55 வயதில் ஓய்வு என்றால் அதே கையோடு சாவியையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. மகனுக்கும் ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் அதே தெருவில் தொடரலாம். அதனால் பல வீடுகளில் பையன் பத்தாவது படிக்கும்போதே அப்பாவுக்குக் கவலை தொடங்கிவிடும்: இவன் ரயில்வேக்குள் நுழைவானா, இல்லை நாம் வேறு இடம் பார்க்க வேண்டுமா? மூன்று தலைமுறை ஒரே தெருவில் வாழ்ந்தும் அந்தத் தெருவில் ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லாத குடும்பங்கள் இப்படித்தான் உருவாயின.

தோட்டத்து லயமும் இதே கணக்குதான். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பும் இதே கணக்கு. மலாயாவில் தமிழன் சம்பாதித்தது கூலி. இருந்தது முதலாளியின் கூரைக்குக் கீழே. வேலை இடம் மாறியபோது கூரையும் கூடவே போய்விட்டது.

பிரிக்பீல்ட்ஸில் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். 1992-இல் மலாயா ரயில்வே கேடிஎம்பி என்ற நிறுவனமாக மாறியது. சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்த்த பழைய ரயில் முற்றம் நகரத்தின் நடுவே 72 ஏக்கர் பொன்னாகத் தெரிந்தது. 2001 ஏப்ரலில் அங்கே கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தது. அதைச் சுற்றி அலுவலகக் கோபுரங்கள், ஹோட்டல்கள், 2014-இல் நூ சென்ட்ரல் பேரங்காடி. ரயில் அங்கேயேதான் இருக்கிறது. முன்னைவிடப் பல மடங்கு பயணிகளோடு ஓடுகிறது. ரயிலை ஓட்டியவர்களின் வீடுகளுக்குத்தான் அந்தப் படத்தில் இடமில்லை.

2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் ஜாலான் துன் சம்பந்தனில் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். 2015 நவம்பரில் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்தார். இன்று அந்தத் தெருவில் பூமாலைக் கடை இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது, வடைக் கடையில் கூட்டம் இருக்கிறது, கோலைத் தட்டிக்கொண்டு பார்வையற்றவர்கள் சாலை கடக்கிறார்கள். ஆனால் மாலை கட்டுகிறவரும் வடை சுடுகிறவரும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்தால், பலரும் பூச்சோங், கிள்ளான், ரவாங் என்று ரயிலும் பஸ்ஸும் ஏறிப் போகும் ஊர்களைச் சொல்வார்கள். வளைவு கட்டி இந்தியா என்று பெயர் வைத்த தெருவுக்கு இந்தியர்கள் வேலைக்கு வந்து போகிறார்கள்.

அதே பிரிக்பீல்ட்ஸில் அசையாமல் நிற்பவை எவை என்றும் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் நிற்கிறது. 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் நிற்கிறது. ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வந்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது. பின்னர் ஆசிரமக் கட்டடம் தேசிய மரபுச் சின்னமானது. இவற்றுக்கும் குவாட்டர்ஸுக்கும் என்ன வேறுபாடு? பழமையில் பெரிய வேறுபாடில்லை. சமூகம் தன் காசைப் போட்டுத் தன் பெயரில் நிலம் எழுதி வைத்திருந்தது. எதிர்த்து நிற்கக் காலுக்குக் கீழே மண் இருந்தது. குவாட்டர்ஸ்காரருக்கு இருந்தது ஒரு சாவி மட்டும்.

சாவியும் இல்லாதவர்கள் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். 2005-க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்று சிலாங்கூர் அரசு இலக்கு வைத்தது. ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் இடையே, பாடாங் ஜாவாவில் கம்போங் ரிம்பா ஜெயா என்ற குடியிருப்பு. 2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளி நெருங்கிய நேரத்தில், அங்கே வீடுகளோடு மாரியம்மன் கோயிலும் இடிபட்டது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் இந்து உரிமைகளுக்கான ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி திரண்டதற்கு அந்த இடிபாடு ஒரு முக்கியமான பொறி. ஆற்றுச் சமவெளியில் ஒரு சிறு குடியிருப்பை அகற்றியது நாட்டின் அரசியலையே உலுக்கியது.

குவாட்டர்ஸையும் லயத்தையும் விட்டு வந்தவர்களில் கொஞ்சம் சேமிக்க முடிந்தவர்கள் தாமான்களில் வீடு வாங்கினார்கள். குடும்பத்தில் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு பத்திரம். கையிருப்புக்கு எட்டிய வீடுகள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் இருந்தன. ஷா ஆலாம் 25-ஆம் பிரிவிலுள்ள தாமான் ஸ்ரீ மூடா அப்படிப்பட்ட ஒன்று. கிள்ளான் ஆற்றை ஒட்டிய பள்ளம். மழை பெய்தால் தண்ணீரை ஆற்றுக்குள் தள்ள மதகும் பம்ப்பும் வேண்டும்.

இங்கே ஆற்றின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதி பாதி ஆறு, பாதி கடல். துறைமுகத்தில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். அப்போது கடல் ஆற்றுக்குள் ஏறிப் பட்டணம் வரை வந்து நிற்கும். மேலேயிருந்து மழைவெள்ளம், கீழேயிருந்து ஓதம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் கரையோர மதகுகளைத் திறக்க முடியாது. உள்ளே பெய்த மழை உள்ளேயே நிற்கும். பம்ப் ஈடுகொடுக்காவிட்டால் கூரை வரை ஏறும்.

2021 டிசம்பர் 17 அன்று தொடங்கிய மழையில் ஸ்ரீ மூடாவில் நடந்தது அதுதான். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. மாடியில்லாத வீட்டுக்காரர்கள் கூரையில் ஏறி உட்கார்ந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு வாசலில் மெத்தையும் குளிர்பெட்டியும் பள்ளிப் புத்தகமும் குவிந்து கிடந்தன. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பை 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் பாதிக்கும் மேல், 310 கோடி வெள்ளி, சிலாங்கூருடையது. கோலாலம்பூரின் நடுப்பகுதியைக் காக்க 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் 2007-லேயே வந்துவிட்டது. மேலே இருப்பவர்களுக்குச் சுரங்கம். கீழே இருப்பவர்களுக்கு பம்ப்.

ஆறு அடுத்துத் தொடும் கிள்ளான் பட்டணம் 1880 வரை சிலாங்கூரின் தலைநகரம். கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 1857-இல் ஈயம் வைக்கக் கட்டிய கிடங்கு இன்னும் அங்கே நிற்கிறது. 1961-இல் திறந்த கோத்தா பாலம் இரண்டு தட்டாகக் கட்டப்பட்டது: மேல்தட்டில் வண்டிகள், கீழ்த்தட்டில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும். ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக் கடையும் முறுக்குக் கடையும் தீபாவளிக்கு விடிய விடியத் திறந்திருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் பக்கம் காரை நிறுத்த இடம் கிடைக்காது.

பட்டணத்தைத் தாண்டி, கடல் வாயில் இருப்பது துறைமுகம். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் சதுப்புக் காட்டைத் திருத்தித் திறந்தார்கள். இரண்டே மாதத்தில் மலேரியா ஆட்களைச் சாய்த்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, வரப்புப் போட்டு, சதுப்பை வடியச் செய்து காய்ச்சலை அடக்கினார். உலகம் பேசிய வெற்றி அது. அந்தக் கரைக்குத்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்களை ரஜூலா கப்பல் கொண்டுவந்து இறக்கியது.

1972-இல் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. 1973-இல் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டை சுமந்த கும்பலின் வேலையைப் பாரந்தூக்கி எடுத்துக்கொண்டது. 1986-இல் அந்த முனையம் தனியார் கைக்குப் போனது. மலேசியாவின் தனியார்மயக் கொள்கையில் தொடக்ககாலப் பெரிய படிகளில் அதுவும் ஒன்று. 2023-இல் இந்தத் துறைமுகம் கையாண்டது சுமார் 1 கோடியே 40 லட்சம் கொள்கலன் அலகுகள். எண்ணிக்கை ஏற ஏற, மூட்டைக்குத் தேவைப்பட்ட கைகள் குறைந்தன. துறைமுகத்தை நம்பி வந்தவர்களின் பேரன்மார் இன்று லோரி ஓட்டுகிறார்கள், கிடங்கில் காவல் நிற்கிறார்கள், வாடகை அடுக்குமாடியில் இருக்கிறார்கள்.

இப்போது எல்லோருக்கும் ஆற்றின் மேல் கண் விழுந்திருக்கிறது. 440 கோடி வெள்ளியில் ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம்; 110 கிலோமீட்டர் ஆற்றைத் தூய்மையாக்கி, 10.7 கிலோமீட்டர் கரையை அழகாக்குவது நோக்கம். மனிதர் இறங்கி விளையாடத் தகுந்த தரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவருவது இலக்கு. மிட் வேலியிலிருந்து கடல் வரை 56 கிலோமீட்டருக்கு சிலாங்கூர் மாநிலத்தின் தனித் திட்டம். 2019-இல் குப்பையை வழிமறித்து அள்ளும் ஒரு சூரியசக்தி எந்திரம்கூடக் கிள்ளான் ஆற்றில் மிதக்க விடப்பட்டது. ஆறு சுத்தமாவதை யார் எதிர்க்கப் போகிறார்கள்? நாற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த ஆசை அதிகம்.

ஆனால் நாறியவரை ஆற்றங்கரை வாடகை மலிவு. ஆறு மணக்கத் தொடங்கினால் அதே கரை ‘நதிக்காட்சி’ என்று விளம்பரத்தில் ஏறும், வாடகையும் ஏறும். பழைய குவாட்டர்ஸ் விதி வேறு உடையில் திரும்பி வரும்: வசதி இருக்கும்வரை வீடு. ஆகவே கரையோரத் திட்டம் எதுவானாலும், அதன் முதல் பக்கத்தில் தண்ணீரின் தரத்துக்கு இலக்கு வைப்பதுபோல மனிதர்களுக்கும் ஓர் இலக்கு வேண்டும். இன்று அங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் எத்தனை, பத்தாண்டு கழித்து அதே வட்டாரத்தில் அவர்கள் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கூடிய வீடுகள் எத்தனை? இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு நடைபாதைக்கு ஓடு பதிக்கட்டும். வீட்டை ஓத மட்டத்துக்கு மேலே கட்டுவதும் அந்தக் கையெழுத்தில் சேர வேண்டும். பள்ளத்தில் கிடைத்த பத்திரம் பாதிப் பத்திரம்தான் என்று ஸ்ரீ மூடா காட்டிவிட்டது.

அடுத்த வாரம் கழிமுகத்துக்கு அப்பால், பூலாவ் கேரி. செம்பனைக்கு நடுவே மா மெரி பூர்வகுடிகள் வாழும் தீவு அது. மூன்றாவது துறைமுகம் கட்டத் திட்டம் பேசப்பட்ட இடமும் அதுவே.

(தொடரும்)