வாத்தியம் வேண்டாத பாட்டு
ஹைதராபாத் நகரில் மூன்று மொழிகளில் ஒலிக்கிறது!

கச்சேரி என்றால் பக்கவாத்தியம் இல்லாமல் நடக்காது என்பது நம்மவர் எண்ணம். ஃபிடிலும் மிருதங்கமும் வராமற்போனாலும், சுருதிக்கு ஒரு தம்புராவாவது வேண்டும். ஆனால் எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல், மனிதக் குரலை மட்டுமே நம்பிப் பாடும் ஒரு முறை உலகெங்கும் உண்டு. இதற்கு இத்தாலிய மொழியில் ‘ஆ கப்பெல்லா’ என்று பெயர். ‘தேவாலய பாணியில்’ என்பது இதன் பொருள்.

இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. மார்ட்டின் என்ற போர்வீரர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தம் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார். பின்னாளில் அவர் புனிதராகப் போற்றப்பட்டார். அந்த அங்கியை லத்தீனில் ‘கப்பெல்லா’ என்றார்கள். அதை வைத்துப் பாதுகாத்த சிறு கோயிலுக்கும் அதே பெயர் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் ‘சாப்பல்’ என்று சொல்வதும் இதிலிருந்து பிறந்ததுதான்.

ரோமாபுரியில் போப்பாண்டவரின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஆர்கன் கூட இல்லாமல் பாடுவது வழக்கமாக இருந்தது. இவ்வகைப் பாடலுக்குச் சிகரம் என்று போற்றப்படும் பலஸ்த்ரீனா 1594-ல் காலமானார்.

சார்மினார் அருகே சோக கீதம்

அதே 1594-ம் ஆண்டையொட்டி, நம் ஹைதராபாத்தில் சார்மினாருக்குச் சற்றுத் தூரத்தில் பாத்ஷாஹி அஷூர்கானா எழுந்தது. நகரை நிர்மாணித்த முகம்மது குலி குதுப் ஷா கட்டியது இது. கர்பலாவில் உயிர்நீத்த இமாம் ஹுசைனை நினைந்து மொஹரம் மாதத்தில் துக்கம் அனுஷ்டிக்கும் இடம். இரங்கற் பாடலுக்கு ‘மர்சியா’ என்று பெயர். தக்கணி மொழியில் அந்த மன்னரே மர்சியாக்கள் இயற்றியிருக்கிறார்.

துக்க நாட்களில் வாத்தியத்துக்கு இடமில்லை. ஆகவே ‘சோஸ்’ எனப்படும் பாடல் குரலை மட்டுமே நம்பி நிற்கிறது. ‘சோஸ்’ என்றால் எரிதல், வேதனை என்று பொருள். ஒருவர் ராகத்தில் பாடுவார். அருகில் அமர்ந்த இருவரோ மூவரோ ஒரே ஸ்வரத்தை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் துணைக் குரலுக்கு ‘ஆஸ்’ என்று பெயர். தம்புரா செய்யும் வேலையை அங்கே மனிதத் தொண்டை செய்கிறது!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சோஸ் ‘பாடினார்’ என்று சொல்வது வழக்கமில்லை. ‘படித்தார்’ என்றே சொல்வார்கள். ராகம் இருந்தாலும் அது கேளிக்கை அல்ல என்பது கருத்து. நம் கோயில்களில் தேவாரம் இசைப்பவரை ‘பாடுவார்’ என்னாமல் ‘ஓதுவார்’ என்கிறோம் அல்லவா? மொழி வேறு, மதம் வேறு. மனம் ஒன்றாகவே வேலை செய்திருக்கிறது.

பூவைச் சுற்றிக் கும்மி

இனி தெலுங்குக்கு வருவோம். மஹாளய அமாவாசை தொடங்கி ஒன்பது நாட்கள் தெலங்கானா எங்கும் பதுகம்மா பண்டிகை. 2014-ல் இது மாநிலத் திருவிழாவாக அறிவிக்கப்பட்டது. ‘தங்கேடு’ எனப்படும் ஆவாரம்பூவையும் செண்டுப்பூவையும் கோபுரம் போல் அடுக்கி நடுவில் வைப்பார்கள். பெண்கள் சுற்றி வந்து கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘உய்யாலோ’ என்று முடித்து வைப்பார்கள். கைத்தட்டே தாளம். நம்மூர்க் கும்மியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் இப்போது பல இடங்களில் ஒலிபெருக்கி வைத்துப் பதிவு செய்த பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். அடி எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லாமல் போய்விடுகிறது. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாடத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். வாத்தியமில்லாத பாட்டுக்கு இதுதான் ஆபத்து. வீணை உடைந்தால் வேறு வீணை வாங்கலாம். வாயில் மட்டுமே வாழும் பாட்டு, வாய் மூடினால் போய்விடும்.

இத்தகைய பாட்டு எளிது என்று நினைக்கக் கூடாது. வாத்தியம் இருந்தால் சுருதி விலகும்போது அது பிடித்து நிறுத்தும். இல்லாவிட்டால் குழு முழுவதும் தன்னையறியாமல் சுருதி இறங்கிவிடும். மேல்நாட்டுக் குழுக்களில் ஆரம்ப ஸ்வரத்தைச் சிறு ஊதுகுழலிலோ இசைக்கவையிலோ காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதன்பின் காதே துணை. தான் பாடுவதோடு பக்கத்தில் இருப்பவர் பாடுவதையும் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும்.

சினிமாவும் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. 1993-ல் வந்த ‘திருடா திருடா’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து ஷாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’ பாடலில் வாத்தியத்தின் இடத்தைக் கோரஸ் குரல்களே நிரப்பின. இப்படம் ‘தொங்கா தொங்கா’ என்று தெலுங்கிலும் வந்தது.

பிழைக்க வந்தவர்களின் பாட்டு

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கலைக்கு ‘இசிகதமியா’ என்று பெயர். ஜூலு மொழியில் மெல்ல அடிவைத்து நடப்பது என்ற பொருள் தரும் சொல். ஊரைவிட்டுச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பிழைக்க வந்த தொழிலாளர்கள் தங்கள் விடுதிகளில் வளர்த்த கலை இது. காவலர் காதில் விழாதபடி நுனிக்காலில் ஆடியதால் இப்பெயர் வந்தது என்பார்கள். ஜோசப் ஷபலாலா அமைத்த ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழு, பால் சைமன் 1986-ல் வெளியிட்ட ‘கிரேஸ்லாண்ட்’ இசைத்தட்டின் மூலம் உலகப் புகழ் பெற்றது.

பிழைக்கப் போகிறவன் பெட்டியில் ஆர்மோனியத்துக்கு இடமிருக்காது. குரலுக்கு லக்கேஜ் சார்ஜ் கிடையாது. கன்டோன்மென்ட் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் சிகந்திராபாத் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் தாலாட்டு, நலுங்கு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றை இப்படித்தான் கொண்டுவந்தன. இவற்றில் எதற்கும் வாத்தியம் தேவைப்பட்டதில்லை.

இன்று வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், கடைவீதியில் உருது என்று வளர்கிறார்கள் நம் பிள்ளைகள். நான்கு மொழி பேசுவது பெருமைதான். ஆனால் பாட்டி பாடிய தாலாட்டை முழுதாகப் பாடத் தெரிந்த பேத்திகள் எத்தனை பேர்? தாலாட்டில் மாமன் பெயரும் ஊர்ப் பெயரும் குளத்தின் பெயரும் வரும். எந்தப் புத்தகத்திலும் அச்சேறாத குடும்பச் சரித்திரம் அது.

இதற்குச் சங்கமோ சந்தாவோ வேண்டியதில்லை. வீட்டிலுள்ள முதியவரை ஒரு மாலைப் பொழுதில் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யலாம். யார் பாடியது, எந்த ஊர்ப் பாட்டு, எந்தச் சமயத்தில் பாடுவது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். அதோடு நிறுத்தாமல், பிள்ளைகளையும் உடன் பாட வைக்க வேண்டும். பதிவு பெட்டியில் கிடக்கும். பாட்டு தொண்டையில்தான் உயிரோடு இருக்கும்.