குறி தவறாக் கையும் நெறி தவறா மனமும்

'குறி' என்னும் தமிழ்ச் சொல் பொருள் வளம் உடையது. அடையாளம் என்பது அதன் ஒரு பொருள்; எய்ய வேண்டிய இலக்கு என்பது மற்றொன்று. வாழ்வில் அடைய விரும்பும் உயர்ந்த நோக்கத்தைக் 'குறிக்கோள்' என்கிறோம். வில்லாண்மையைப் போற்றிய ஒரு சமுதாயத்தில், எய்யும் இலக்கைச் சுட்டும் சொல்லே வாழ்வின் நோக்கத்தைச் சுட்டும் சொல்லிலும் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அம்பின் காலம் முடிந்து துப்பாக்கியின் காலம் வந்தது. போர்க்களத்தில் பிறந்த அக்கருவி, விளையாட்டுக் களத்திலும் இடம்பெற்றது. 1896-இல் ஏதென்சு நகரில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே துப்பாக்கி சுடுதல் ஒரு போட்டியாக இருந்தது. இன்று அதன் பல பிரிவுகளுள் உள்ளரங்கில் பயிலப்படும் பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி மாணவர்க்கு எளிதில் எட்டக்கூடியது. அதன் அடிப்படைகளையும், அவை நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

களமும் கருவியும்

காற்றுக் கைத்துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அழுத்தி அடைக்கப்பட்ட காற்றே 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ஈயக் குண்டை உந்தித் தள்ளுகிறது. துப்பாக்கியின் எடை 1500 கிராமுக்கு மிகக்கூடாது. டிரிகர் என்று வழங்கும் விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தமேனும் தேவைப்பட வேண்டும் என்பன விதிகள். ஒரு கையால் மட்டுமே பற்ற வேண்டும். மணிக்கட்டுக்கு எவ்விதத் தாங்கலும் கூடாது.

இலக்கு பத்து மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து வட்டங்கள். நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் அறுபது முறை சுட வேண்டும். அறுபதும் நடுவில் பட்டால் 600. அந்த அறுபது முறையும் ஒரே மனநிலையைக் காத்துக்கொள்வதில்தான் இக்கலையின் அருமை அடங்கியுள்ளது.

முதற்பாடம் பாதுகாப்பு

நல்ல பயிற்சியாளர் எவரும் முதல் நாளில் மாணவனைச் சுடச் சொல்வதில்லை. சுடாமல் இருக்கவே முதலில் கற்பிக்கிறார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பப்பட்டதாகவே கருதுக. அதன் வாயை இலக்கைத் தவிர வேறு எதன்பாலும் திருப்பாதே. குறி பார்த்துச் சுட முடிவு செய்யும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் இலக்கின் பின்னே இருப்பதையும் அறிந்து சுடு. உலகெங்கும் உள்ள சுடுதளங்களில் இந்நான்கும் விலக்கில்லாக் கட்டளைகள். கள அலுவலர் நிறுத்தச் சொன்னால் அக்கணமே நிறுத்த வேண்டும். சுடாத வேளையில் குழலினுள் குண்டு இல்லை என்பதைக் காட்டும் வண்ணக் கயிற்றைச் செருகி வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஈயம் படிந்த கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

இவ்விதிகளைப் படிக்குந்தோறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைகள் நினைவுக்கு வருகின்றன. அண்ணலார் அம்பெய்தும் பயிற்சியை ஊக்குவித்தார்கள் என்பதைப் பலரும் அறிவர். அதனோடு இணைத்து அவர்கள் விதித்த எல்லைகளை நாம் அத்துணை நினைவிற்கொள்வதில்லை. அம்புகளை ஏந்திப் பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ செல்பவர், பிறர் மேல் பட்டுவிடாதவாறு அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், தம் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்றும், உயிருள்ள எதனையும் எய்தற்குரிய இலக்காக நிறுத்தலாகாது என்றும் அவர்கள் அறிவுறுத்திய செய்திகள் நம்பத்தகுந்த நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. முனையைப் பிடித்துக்கொள்வது அன்றைய முறை. குழல்வாயைத் திருப்பாமலிருப்பது இன்றைய முறை. இரண்டின் உட்பொருளும் ஒன்றே. ஆற்றல் கையில் உள்ளவன்மீதே காக்கும் கடமையும் உள்ளது.

நிற்றலும் பற்றுதலும்

அடித்தளம் சரியாக இல்லாத கட்டடம் நில்லாது. கால்களைத் தோள் அகலத்திற்கு விரித்து, உடலின் எடை இரு பாதங்களிலும் சமமாகப் பரவுமாறு நிற்க வேண்டும். மற்றொரு கையைக் காற்சட்டைப்பையிலோ இடைவாரிலோ அசையாது வைத்துக்கொள்வர். பின்னர்க் கண்களை மூடிக் கையை உயர்த்தி, மூச்சைச் சீராக்கிக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். கை இலக்கிற்கு இடப்புறமோ வலப்புறமோ நின்றால், கையை இழுத்துச் சரிசெய்தல் தவறு. பாதங்களை நகர்த்தி, உடல் முழுவதையும் திருப்பிக்கொள்ள வேண்டும். வலிந்து இழுத்த தசை களைப்புற்றதும் பழைய இடத்திற்கே திரும்பும் இயல்புடையது.

பிடியைப் பொறுத்தவரை, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடைப்பட்ட பகுதி துப்பாக்கியின் பின்புறத்தில் நன்கு பொருந்த வேண்டும். மணிக்கட்டு உறுதியாக இருத்தல் வேண்டும். நெரிக்கும் பிடி கையை நடுங்கச் செய்யும். தளர்ந்த பிடி ஒவ்வொரு முறையும் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவான பிடியே வேண்டுவது.

எதைக் காண்பது?

துரோணர் தம் மாணாக்கர்க்கு வைத்த சோதனையை நாம் அறிவோம். மரமும் கிளையும் தெரியாது, பறவையின் கண் ஒன்றே தெரிந்தது என்றான் அருச்சுனன். ஒருமுக நோக்கிற்கு அக்கதை என்றும் சான்றாகும். ஆயினும் கைத்துப்பாக்கிப் பயிற்சியாளர் நேர்மாறான ஒன்றைச் சொல்கிறார்: இலக்கைக் கூர்ந்து பார்க்காதே, உன் கையிலுள்ள துப்பாக்கியின் முன்குறியைப் பார்!

இதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு பிளவும், முனையில் நிமிர்ந்த ஒரு சிறு தகடும் இருக்கும். பிளவின் நடுவே தகடு நிற்க வேண்டும். இருபுறமும் ஒளிக்கீற்று சமமாகத் தெரிய வேண்டும். மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காண வல்லது. இலக்கு தெளிந்தால் குறி மங்கும். குறி தெளிந்தால் இலக்கு மங்கும்.

எது மங்கலாம் என்பதற்குக் கணக்கு விடை சொல்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 300 மில்லிமீட்டர் என்று கொள்வோம். குறிகள் இரண்டும் ஒழுங்காய் நிற்க, கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கிலும் குண்டு ஒரு மில்லிமீட்டரே விலகும். பத்து மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் முன்குறி மட்டும் பிளவின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால், அப்பிழை பத்து மீட்டர் செல்வதற்குள் முப்பத்துமூன்று மடங்காகப் பெருகும். நடுவை நோக்கிச் சென்ற குண்டு ஆறாம் மதிப்பெண் வட்டத்தில் போய் விழும். தொலைவிலுள்ள இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதால் தோல்வி வருவதில்லை. கைக்கருகே உள்ள சிறு கோணலே பெருந்தோல்வியை விளைவிக்கிறது. தேர்வு முடிவையே எண்ணி ஏங்கி, இன்று திறக்க வேண்டிய நூலைத் திறவாதிருக்கும் மாணவர் இதனை ஊன்றி நோக்குக.

மூச்சும் விசையும்

மூச்சு விடும்போது நெஞ்சு அசைகிறது. நெஞ்சு அசைந்தால் கை அசைகிறது. ஆகவே மூச்சை இயல்பாக வெளிவிட்டு, அடுத்த மூச்சு தொடங்குமுன் வரும் அமைதியில் சுடுவர். அவ்வமைதி சில நொடிகளே நீடிக்கும். பத்து நொடியையும் கடந்தால் கண் களைக்கும், கை நடுங்கும். அந்நிலையில் சுடாமல் கையைத் தாழ்த்திவிட்டு, முதலிலிருந்து தொடங்குவதே சிறப்பு. எடுத்த காரியத்தை விடுவதா என்ற வீம்பு இங்கே உதவாது. தேர்ந்த வீரர்களின் அடையாளங்களுள் ஒன்று, அவர்கள் சுடாமல் தாழ்த்தும் கை.

விசையை இழுப்பதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். எவ்வளவு பயின்றவர் கையும் சிறிது அசையவே செய்யும். குறி சரியாக வந்துவிட்டது என்று கண்டு வெடுக்கென இழுத்தால், கண் கண்டதை விரல் செயற்படுத்துவதற்குள் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். அதற்குள் கை நகர்ந்திருக்கும். வெடுக்கென்ற இழுப்பு குறியையும் கோணலாக்கிவிடும். எனவே கையின் சிற்றசைவை ஏற்றுக்கொண்டு, சுட்டு விரலின் முன்பகுதியால் விசையை நேர் பின்னாக, சிறிது சிறிதாக, இடையறாது அழுத்த வேண்டும். குண்டு புறப்படும் கணம் சுடுபவனுக்கே சற்று வியப்பாக இருத்தல் வேண்டும் என்பர். புறப்பட்ட பின்னும் ஓரிரு நொடி அதே நிலையில் நிற்க வேண்டும். குண்டு குழலை விட்டு நீங்குமுன் கை தளர்ந்தால் குறி கெடும்.

முயற்சி நம்முடையது, முடிவு இறைவனுடையது என்று நம் பெரியோர் கூறுவர். விசையை அழுத்துதல் நம் கையில் உள்ளது. வெற்றியை வலிந்து பறிக்க முயலும் கணத்திலேயே குறி தவறுகிறது.

குண்டில்லாப் பயிற்சி

கைத்துப்பாக்கிப் பயிற்சியின் பெரும்பகுதி குண்டே இல்லாமல் நடைபெறுகிறது என்றால் பலர் வியப்பர். குழல் வெறுமையாக உள்ளதை உறுதி செய்துகொண்டு, வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, விசையை அழுத்தும்போது முன்குறி அசைகிறதா என்று மட்டும் பார்ப்பர். மதிப்பெண் இல்லை, ஓசை இல்லை, பார்ப்பவர் இல்லை. ஆயினும் பிழை அங்கேதான் வெளிப்படுகிறது, அங்கேதான் திருந்துகிறது. நாள்தோறும் சிறிதளவாயினும் இடையறாது செய்வது, மாதம் ஒருமுறை நெடுநேரம் செய்வதினும் மேலானது.

மூவர் காட்டும் பாடம்

அங்கேரி நாட்டுப் படைவீரர் கரோய் தாகாச், 1938-இல் கைக்குண்டு வெடித்ததால் வலக் கையை இழந்தார். சுடும் கையே அவர்க்கு அதுதான். அவர் இடக் கையால் மீண்டும் முதலிலிருந்து பயின்றார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடைபெறவில்லை. காத்திருந்தவர் 1948-இல் இலண்டனிலும், 1952-இல் எல்சிங்கியிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார்.

நம் நாட்டின் மனு பாக்கர், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், போட்டியின் நடுவே துப்பாக்கி பழுதுற்றதால் காலத்தை இழந்து, இறுதிச் சுற்று வாய்ப்பையும் இழந்தார். மனம் ஒடிந்தும் பயிற்சியை விடாத அவர், 2024-இல் பாரிசில் காற்றுக் கைத்துப்பாக்கி தனிப் பிரிவிலும், சரப்சோத் சிங்குடன் கலப்புப் பிரிவிலும் வெண்கலம் பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரு பதக்கங்கள் பெற்ற முதல் வீரர் அவரே.

அதே பாரிசில் துருக்கி நாட்டின் யூசுப் திக்கெச், தம் 51-ஆம் வயதில் கலப்புப் பிரிவில் வெள்ளி வென்றார். சிறப்புக் கண்ணாடிகள் ஏதுமின்றி, ஒரு கையைக் காற்சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற எளிமை உலகோர் பேச்சாயிற்று. அவ்வெளிமையின் பின்னே பல்லாண்டுப் பயிற்சி இருந்ததை மறத்தலாகாது.

பெரியோர்க்கு ஒரு சொல்

துப்பாக்கி என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. உலகெங்கும் அதனால் சிந்தப்படும் குருதியைக் காணும் எவர்க்கும் அவ்வச்சம் எழும். அதிலும் நம் இல்லத்துப் பிள்ளை அதனைப் பயில விரும்பினால், ஊரார் என்ன எண்ணுவரோ என்னும் கூடுதல் தயக்கம் சில குடும்பங்களில் உண்டு. அத்தயக்கத்தை நான் எளிதாகக் கருதவில்லை. ஆனால் மறைவில் வளரும் ஆர்வம் வேறு. பதிவேடும் பயிற்சியாளரும் விதிகளும் உள்ள இடத்தில், பலர் காண வளரும் கலை வேறு. 1951-இல் தோன்றிய இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அதனைச் சார்ந்த மாநிலச் சங்கங்களும் முறையான வழியைக் காட்டுகின்றன. வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் இளைஞர் அறிந்திருத்தல் நன்று. நம் கல்லூரிகளின் தேசிய மாணவர் படையும் முறைப்படி சுடும் பயிற்சி அளித்து வருகிறது.

பெண்மக்களுக்கும் இக்களம் திறந்தே உள்ளது. கடலூரில் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் காற்று ரைபிள் பிரிவில் இருமுறை ஒலிம்பிக் களம் கண்டவர். ஈரான் நாட்டு வீராங்கனையர் தலைமறைப்புடனேயே ஒலிம்பிக்கில் சுட்டுள்ளனர். உடல் வலிமையும் உயரமும் இங்கே முதன்மையல்ல, பொறுமையே முதன்மை.

சினத்தோடு சுடுபவன் குறி தவறுவான். செருக்கோடு சுடுபவனும் தவறுவான். அஞ்சிச் சுடுபவனும் தவறுவான். ஆகவே இக்கலையை உண்மையாகப் பயில்பவன், முதலில் தன் சினத்தையும் செருக்கையும் அச்சத்தையும் வெல்லப் பழகுகிறான். அவ்வாறு பழகிய கை ஆயுதத்தைப் பிறர்மேல் நீட்டத் துணியாது. பிள்ளைகள் இவ்வொழுக்கத்தோடு குறி பார்க்கக் கற்பார்களாக. பெரியோர் அருகிருந்து வழி காட்டுவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.